கடைசியில் நிற்கிற ஆள்

துபாயில் பத்து வருடம் லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்த்த பிறகு, முப்பத்தெட்டாவது வயதில் நான் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட ஆரம்பித்தேன். சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. நம்புகிற ஒன்றிரண்டு பேரும் காலால் உதைக்கிற ஆட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஓடுகிறவனை எதிரணி மண்ணில் சாய்க்க வேண்டும். மீதி விதிகள் எனக்கே இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை.

மகள் படித்த பள்ளி துபாயின் அல் குசைஸ் பகுதியில் இருந்தது. சனிக்கிழமை காலையில் அவளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு மைதானத்து ஓரம் காத்திருப்பேன். அலுவலகம் போகிற தடித்தடியான ஆண்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அங்கே மோதிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் ஓர் ஆள் குறைந்தது. பயிற்சியாளர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். அமெரிக்கர், ஐம்பதைத் தொட்டவர், அதே பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். நான் பேசியதும் அவர் பேசியதும் இங்கிலீஷ்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“முன்னால ஏதாவது ஆடியிருக்கியா?” என்று கேட்டார்.

“காலேஜ்ல கபடி. பிடிக்கிற ஆள்.”

பிடிக்கிற ஆள் என்றதுமே அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. அவரும் தொழில்முறையாக ஒன்பது வருடம் அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறார். தடுக்கிற பதினோரு பேரில் எல்லாருக்கும் பின்னால் தனியாக நிற்கிற ஆள். பத்துப் பேர் கோட்டைவிட்டவனை அவர்தான் சாய்க்க வேண்டும். அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்.

கபடியில் பாடி வருகிறவனை உள்ளே வரவிடுவோம். எவ்வளவு உள்ளே வருகிறானோ அவ்வளவு நல்லது, திரும்பும்போது கணுக்காலைப் பிடிக்கலாம். பந்தோடு ஒருவன் என்னைத் தாண்டினான். நான் அழகாக ஒதுங்கி வழிவிட்டு, குனிந்து, அவன் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தேன். அவன் ஏன் திரும்பப்போகிறான்? நேரே போய் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான். தப்பு புரிந்ததும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மைதானத்தைவிட்டு வெளியேறி உட்கார்ந்துகொண்டேன். கபடியில் அவுட் ஆனால் அப்படித்தானே செய்வோம். கோச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தப்பு செய்துவிட்டுத் தானாகக் கை தூக்கின ஒருத்தனை இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை என்றார். அன்று முதல் எனக்கு அந்த இடம் நிரந்தரமாயிற்று.

பயிற்சி முடிந்து கஃபெட்டீரியாவில் கரக் டீ குடிக்கும்போது தன் தொழிலைப் பற்றிச் சொல்வார். பெருமையும் இருக்காது, குறையும் இருக்காது. நான் லிஃப்ட் கம்பி மாற்றிய கதையைச் சொல்வதுபோல இருக்கும். மூன்று அணிகள் மாறியிருக்கிறார். ஆட்டத் திட்டங்கள் எழுதின தடித்த நோட்டு ஒன்று ஒவ்வொரு வீரரிடமும் இருக்குமாம். காலையில் ஒருவர் கதவைத் தட்டி, “நோட்டை எடுத்துக்கிட்டு வா” என்று சொன்னால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். எங்களுக்கு விசா கேன்சலேஷன் பேப்பர்போல. அவரை மூன்று தடவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். மோதித் தலை கிறுகிறுத்தால் மூக்கருகில் நெடியாக எதையோ காட்டுவார்கள், பிறகு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார்கள். எப்போதும் இரண்டு விரல்தான் காட்டுவார்களாம். “கண்ணு தெரியலேன்னாலும் ரெண்டுன்னு சொல்லிடுவேன்” என்றார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இரண்டாவது சீசனில் ஆரம்பித்தது. பயிற்சி நடுவே எங்கள் அணியில் இல்லாத யார் யாரையோ பெயர் சொல்லி நகரச் சொன்னார். பையன்கள் ஜோக் என்று நினைத்தார்கள். பிறகு ஒரு மாலை, மால் ஒன்றின் கார் பார்க்கிங்கிலிருந்து எனக்குப் போன் செய்தார். காரைக் காணவில்லை, யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நானும் போய் மூன்று தளம் தேடினேன். கார் அவர் வீட்டு வாசலிலேயே நின்றது. டாக்ஸியில் வந்திருக்கிறார்.

மறுநாள் அவராகவே சொன்னார். டாக்டரிடம் போய்விட்டு வந்திருந்தார். தலையில் வாங்கின அடியெல்லாம் இப்போதுதான் கணக்குத் தீர்க்க வருகிறது, இது குறையாது, போகப்போகக் கூடும்.

“ஸ்கூலுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா நோட்டைக் கேப்பாங்க” என்றார். வேலை போனால் விசா போகும், மைதானமும் போகும். பிறகு அமெரிக்காவில் இருக்கிற மனைவியின் எண்ணை என் போனில் அவரே பதிந்தார். “இது உன்கிட்ட இருக்கட்டும். உனக்கு எப்ப கூப்பிடணும்னு தோணுதோ அப்பக் கூப்பிடு.”

சரி என்றேன். ரகசியத்தைக் காப்பாற்றச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

இதைப் புரிந்துகொள்ள நான் எங்கே வளர்ந்தவன் என்று சொல்ல வேண்டும். பிறந்த தேனியில் இல்லை, துபாயின் தேராவில். குடும்பம் வருவதற்கு முன்னால் அங்கே ஓர் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். யாருக்கு என்ன ஆனாலும் ஊருக்குப் போன் போகாது என்பது ரூமில் எழுதாத சட்டம். ஒருவர் மஞ்சள் காமாலையில் கிடந்தார். அவர் மனைவி கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன். “அண்ணன் டூட்டிக்குப் போயிருக்காருக்கா, நல்லா இருக்காரு” என்றேன். அவர் கட்டிலில் படுத்தபடியே எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். ஊரில் இருக்கிறவர்களால் என்ன செய்ய முடியும், பதறத்தான் முடியும். வளைகுடாவில் நல்ல நண்பன் என்பவன் நன்றாகப் பொய் சொல்கிறவன்.

அதனால் நல்ல நண்பனாக இருந்தேன். பயிற்சிக்கு நானே காரில் அழைத்துப்போனேன். அன்றைய பயிற்சிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பேன். வீரர்களின் பெயரை அவர் தேடும்போது முந்திக்கொண்டு நான் கூப்பிட்டுவிடுவேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே கொஞ்சம் கர்வம் வந்திருந்தது, மறைப்பானேன். அந்தப் பள்ளியில் பிள்ளைகளை அவர் பொறுப்பில் விடுகிறார்கள், அதில் என் பிள்ளையும் ஒன்று என்கிற நினைப்பைத் தள்ளித் தள்ளி வைத்தேன்.

என் மனைவி மட்டும் விடவில்லை.

“ஏங்க, அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க.”

“சொல்லி? அங்கிருந்து அவங்க என்ன பண்ண முடியும்?”

“அத அவங்க பாத்துக்கிருவாக. எனக்கு இப்படி ஒண்ணுன்னா ஒங்ககிட்டச் சொல்லாம இருந்தா ஒத்துக்கிருவீகளா?”

ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் போன் செய்யவில்லை. இந்த ஆட்டம் முடியட்டும், இந்த மாதம் போகட்டும் என்று எட்டு மாதம் போயிற்று.

மே மாதம், மத்தியானம் ஒரு மணிக்கு என் போன் அடித்தது. கோச்சின் எண். பேசியது ஒரு பாகிஸ்தானி டாக்ஸி டிரைவர். பெரிய ரோட்டு ஓரமாகச் செருப்புகூட இல்லாமல் இந்த மனிதர் நடந்துகொண்டிருந்தார், கேட்டால் ஸ்டேடியத்துக்குப் போக வேண்டும், பஸ் விட்டுவிட்டுப் போய்விட்டது என்கிறார், போனில் கடைசியாக இருந்தது உங்கள் எண் என்று இந்தியில் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு நானும் ஓடினேன். உள்ளங்கால் இரண்டும் கொப்புளமாக வெந்திருந்தன. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். யாரென்று தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

வராந்தாவுக்கு வந்து, அவர் பதிந்துகொடுத்த மனைவியின் எண்ணுக்கு அடித்தேன். அமெரிக்காவில் விடியற்காலை. நான் யாரென்று சொன்னதும் அந்தம்மா, “எவ்வளவு நாளா?” என்று கேட்டார்.

என்ன ஆயிற்று என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். எட்டு மாதம் என்றேன்.

“தலையில வாங்கின அடி ஒருநாள் இப்படி வரும்னு எங்களுக்குப் பயம் இருந்துச்சு. வாரா வாரம் பேசறேன். பத்து நிமிஷம் அவரு நல்லாத்தான் பேசுவாரு. பத்து நிமிஷம் அவரால எதையும் மறைக்க முடியும், அது எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். அதனாலதான் உங்களைச் சொல்லிவெச்சாரு. ‘நான் உங்கிட்ட மறைப்பேன், அவன் மறைக்க மாட்டான், அவன் கூப்பிட்டா உடனே கிளம்பி வந்துடு’ன்னு சொன்னாரு.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“நீங்க கூப்பிடல. அதனால நல்லா இருக்காருன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன்.