ஆன்ட்டி தேடிய அத்தை

1998-ம் வருஷம். கல்யாணமாகி நான் நியூஜெர்சி எடிசனுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என் விசாவில் வேலை பார்க்க முடியாது. வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, ஊர் லைப்ரரிக்குச் சம்பளமில்லாமல் உதவி செய்யப் போனேன்.

அங்கே தினமும் ஓர் அமெரிக்க ஆன்ட்டி வருவார். எழுபத்தெட்டு வயது. அவருடைய அப்பா, சின்னப் பையனாக ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தவர். வந்த வருஷமே அப்பா அம்மா இருவரும் காய்ச்சலில் போய்விட, அவரையும் தங்கையையும் ஆளுக்கொரு குடும்பம் வளர்க்க எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொள்ளவே இல்லை. பாவம், சாகும்போதுகூட தங்கையைத்தான் கேட்டாராம்.

அந்த அத்தையின் கல்லறையையாவது பார்த்துவிடவேண்டும் என்று ஆன்ட்டிக்கு ஒரே தவிப்பு. மாதக் கடைசியில் டெக்சாஸில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறார். குடும்பப் பெயரோ கப்பல் பதிவில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி, வேலை பார்த்த இடத்தில் வேறு மாதிரி. அத்தை யாரைக் கட்டிக்கொண்டார் என்பதும் தெரியாது. எங்கே என்று தேடுவார்?

எனக்குக் கொடுத்த வேலை, சுற்றுவட்டார சர்ச்சுகளின் பழைய அடக்கப் பதிவேடுகளை ஏ, பி, சி வரிசையில் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. மூன்று வாரம் விரல் வலிக்க அடித்துக் கொடுத்தேன். லைப்ரரியன் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் குடும்பப் பெயரை வைத்துத்தான் வரிசையாம்! நான் அவரவர் சொந்தப் பெயரை வைத்து அடுக்கியிருந்தேன். நம்ம ஊர் அட்டென்டன்ஸில் அப்படித்தானே? அப்பா பெயர் வெறும் இனிஷியல்தானே? எம்.எஸ்ஸி. படித்து என்ன புண்ணியம்! பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தால், குப்பைக்குப் போகவேண்டிய என் பிரின்ட் அவுட்டை ஆன்ட்டி மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். அத்தையின் பெயருள்ள பத்தொன்பது பேரும் அதில் ஒரே இடத்தில் இருந்தார்கள். பக்கத்திலேயே பிறந்த ஊர், தகப்பன் பெயர். ஒரு வரியில் அவர் விரல் நின்றது. அதே ஜெர்மன் கிராமம். தகப்பன் பெயரும் ஆன்ட்டியின் தாத்தா பெயரேதான். கடைசியில் இருந்தது மட்டும் புகுந்த வீட்டுப் பெயர்.

"ஹனி, இவங்கதான்" என்றார்.

சனிக்கிழமை நானும் கணவரும் அவரை அந்த சர்ச்சின் கல்லறைத் தோட்டத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனோம். இருபதே நிமிஷம். அத்தை எழுபது வயசு தாண்டும்வரை அந்த ஊரிலேயேதான் வாழ்ந்திருக்கிறார். ஆன்ட்டி கல்லைத் தடவியபடி, "அப்பா ஞாயிற்றுக்கிழமையானா இந்த ரோட்டுலதான் மீன் பிடிக்கப் போவார்" என்றார்.

என் கல்யாணத்தில் ஏதோ வார்த்தை முற்றி, என் அண்ணனோடு நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவனுக்கு போன் போட்டேன். ஆன்ட்டியின் அப்பாவுக்குத் தங்கை இருக்கும் இடமே தெரியவில்லை. எனக்கோ என் அண்ணன் நம்பர் மனப்பாடம், அப்படியும் ஆறு மாதம் பேசாமல் இருந்தேனே என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.