தாஹிர் கொண்டுபோன திருக்கை வால்

கிண்ணியாவில் ஹுஸ்னியாவிடம் உடுப்புத் தைக்கக் கொடுத்தவர்களுக்கு அவளுடைய வாயும் தெரியும், கையும் தெரியும். வாய் கொஞ்சம் காரம். சொன்ன நாளில் வராதவர்களை வாசலில் வைத்தே கிழித்துத் தொங்கவிடுவாள். ஆனால் தையல் பிசகியதென்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அவளுடைய முதுகைப் பற்றி மட்டும் ஊருக்குத் தெரியாது. கலியாணமான புதிதில் புருஷன் கேட்டதற்கு, சின்ன வயதில் முள்ளுக்கம்பியில் விழுந்தேன் என்று சொல்லிவைத்தாள். அந்த மனிதர் இன்று கட்டாரில் லொறி ஓட்டுகிறார். இன்னும் முள்ளுக்கம்பியைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார், பாவம்.

முள்ளுக்கம்பியாம்! அது திருக்கை வால். அவளுடைய வாப்பா முஹம்மது தம்பி கடலுக்குப் போகிறவர். பெரிய திருக்கை பட்டால் மீனை விற்றுவிட்டு வாலை வீட்டுக்குக் கொண்டுவருவார். நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்து, எண்ணெய் பூசிக் கதவு நிலைக்கு மேலே செருகிவிடுவார். பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்படி ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று அக்கம்பக்கமே நினைத்த காலம். வால் முழுக்கப் பொடி முள். பட்ட இடத்தில் தோல் கோடாய்க் கிழியும். ஓதும்போது தடுமாறினால் அடி, தேத்தண்ணீர் ஆறினால் அடி, கடலில் மீன் படாவிட்டாலும் அடி. உம்மா குசினியில், அடுப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். பிறகு இரத்தம் பட்ட சட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவாள். கேட்டவர்களிடம் வேலியில் கிழிந்தது என்பாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

காக்கா தாஹிர் ஹுஸ்னியாவைவிட நான்கு வயது மூத்தவன். வாப்பாவின் கை நிலைக்கு மேலே போகிறதென்று கண்டால், தங்கச்சியைக் குப்புறத் தள்ளி அவள்மேல் கவிழ்ந்து படுத்துவிடுவான். ஒரு நோன்புக் காலத்தில் அப்படிப் படுத்தவனை வாப்பா தூக்கிச் சுவரோடு மோதினார். முன்பல் இரண்டும் போயின. அதற்குப் பிறகும் அவன் படுப்பதை விடவில்லை. தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் எனக்குக் கலியாணம் என்று முப்பத்திரண்டு வயதுவரை காத்திருந்தான். அந்தக் காக்கா என்றால் ஹுஸ்னியாவுக்கு உயிர்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். வாப்பா மௌத்தான மறுவருடம் தாஹிரும் போனான். போகும்போது உடுப்புப் பெட்டியோடு நிலைக்கு மேலிருந்த வாலையும் எடுத்தான். வாப்பாவின் ஞாபகத்துக்கு என்றான். சனியன் வீட்டைவிட்டுத் தொலைகிறதே என்று ஹுஸ்னியாவுக்கு ஒரே சந்தோஷம். அது போகிற வீட்டிலும் பிள்ளைகள் பிறக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வால் தொலைந்தால் அடியும் தொலையும் என்றுதான் நினைத்தாள். எங்கே தொலைந்தது? மகள் பஸ்மியாவுக்கு ஆறு வயதிருக்கும். கோப்பை ஒன்றை உடைத்ததற்குத் துணி அளக்கும் மரக்கோலால் அடித்தாள், கோல் முறியும்வரை அடித்தாள். பிள்ளையின் மோதிர விரலும் முறிந்தது. ஆஸ்பத்திரியில் கதவுக்குள் நசிந்தது என்றாள். அந்தப் பொய்யைச் சொல்லும்போது தன் வாயிலிருந்து உம்மாவின் குரல் வந்ததைக் கேட்டு ஆடிப்போனாள். அன்றிலிருந்து கோபம் வந்தால் கிணற்றடிக்கு ஓடித் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்வாள். பார்த்தவர்கள் விசர் பிடித்தவள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன வருடம் பள்ளிக்கூடச் சீருடைத் துணி கொடுத்த வாரம், தாஹிரின் பெண்சாதி ஷிஃபானா வந்தாள். மகள் அசனாவுக்கு ஒன்பது வயது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி, பழைய சீருடை ஒன்றை அளவுச் சட்டையாகத் தந்தாள். வளர்கிற பிள்ளையைத் தொட்டு அளக்காமல் எப்படித் தைக்கிறது என்று ஹுஸ்னியா கேட்டு முடிப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். அவள் போனபின் சட்டையை உள்பக்கம் திருப்பி மேசையில் விரித்தாள். முதுகில் மங்கிய பழுப்புக் கோடுகள். உப்புத் தண்ணீர் குடித்தும் போகாத கறை. கோடுகளின் வழியே நூல் பிய்ந்து பொட்டுப் பொட்டாய் ஓட்டைகள். பிரம்பு துணியை அப்படிப் பிய்க்காது.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு நடந்தாள். பட்டப்பகல். காக்கா வீட்டுக் கேற்றைத் திறக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. காய்ச்சல் குளிசையைத் துப்பிவிட்டாளாம் பிள்ளை, அதற்கு அடி. அசனா தரையில் சுருண்டு கிடந்தாள், அழக்கூட இல்லை. ஷிஃபானா குசினியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஹுஸ்னியா குறுக்கே பாய்ந்தாள். அடுத்த அடி அவள் முகத்தில் விழுந்து புருவத்தைக் கிழித்தது. வாலை எட்டிப் பிடித்தாள், உள்ளங்கை பிளந்தது, விடாமல் பறித்தாள்.

பறித்தவள் எறிந்திருக்கலாம். எறியவில்லை. அடித்தாள். காக்காவின் தோளில், கழுத்தில், வாயில், மாறிமாறி அடித்தாள். இரத்தம் சுவரில் தெறித்தது. அல்லாஹ்வே, அது இனித்தது என்று பிற்பாடு அவளே சொன்னாள். தாஹிர் தடுக்கவில்லை. தலையைக் கைகளுக்குள் ஒளித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் மூலையில் குந்திவிட்டான். அசனாதான் தவழ்ந்து வந்து வாப்பாமேல் கவிழ்ந்து படுத்தாள். ஹுஸ்னியாவின் கை அந்தரத்தில் நின்றது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இந்தத் தடவை கதவு, வேலி என்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பிரதேச செயலகத்துக்குப் போய், சிறுவர் விடயங்களைப் பார்க்கும் தயாளினி என்ற உத்தியோகத்தரைக் கேட்டு உட்கார்ந்தாள். அதற்குள் சொந்தக்காரர் கூடிவிட்டார்கள். கூடப்பிறந்தவனை நீதிமன்றக் கூட்டில் ஏற்றுகிறாளே, இவள் ஒரு பெண்ணா என்று ஏசினார்கள். கடைசியில் தாஹிரே வந்தான், வீங்கிய முகத்தோடு.

"உனக்காக எத்தன அடி வாங்கினனான்? அதுக்கு இதா கூலி?"

அதுதான் அவளை அறுத்தது. வேறு யார் கேட்டிருந்தாலும் வாயைக் கிழித்திருப்பாள்.

"நீங்க எனக்கு மேல படுத்தீங்க காக்கா. உங்களுக்கு மேல படுக்க ஆரும் இருக்கல்ல. அந்தக் கடன அசனாட முதுகில தீர்க்க ஏலாது."

நடந்ததை நடந்தபடி தயாளினியிடம் சொன்னாள். தான் காக்காவை அடித்ததையும் பஸ்மியாவின் விரலையும் சேர்த்தே எழுதச் சொன்னாள். தயாளினி அதையும் எழுதிக்கொண்டார். நீதிமன்றம் தாஹிரைப் பிணையில் விட்டு, மனநல ஆலோசனைக்குப் போகச் சொன்னது. விசாரித்துப் பார்த்து, மாதாமாதம் உத்தியோகத்தர் வந்து பார்க்க வேண்டும் என்ற கட்டளையோடு பிள்ளையை ஹுஸ்னியாவிடம் விட்டது.

நல்லபடியாய் முடிந்தது என்று ஊர் வாயை மூடிக்கொண்டது. ஒரு மாதம் போயிருக்கும். கலியாணப் பெண்ணின் வெள்ளைச் சேலைச் சட்டையில் அசனா மெஷின் எண்ணெயைக் கொட்டிவிட்டாள். ஹுஸ்னியாவின் கை தானாக உயர்ந்தது. பிள்ளை ஓடவில்லை. பழக்கமாய்த் திரும்பி முதுகைக் காட்டிக் குந்தினாள். ஹுஸ்னியா கிணற்றடிக்குப் போகவில்லை. தரையில் அவளுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, ஃபோனை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"ஒண்டு, ஒம்பது, ரெண்டு, ஒம்பது. பிள்ளையளுக்கு ஆரும் அடிச்சா இந்த நம்பருக்கு எடுத்துச் சொல்லணும். மாமி கை ஓங்கினா ஓடு. ஓடிப்போய் இதுக்கு எடு."

அசனா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மாமியக் கொண்டு போயிருவாங்களே?"

"ஓம்," என்றாள் ஹுஸ்னியா. "போகட்டும். நீ எடுக்கணும்."