மகால் முற்றம், பழுது கழித்து

வேலூர் போன வேனில் மாஸ்டர் இருந்தார். சூப்பர்வைசர் இருந்தார். ஸ்டிச்சிங் அக்கா இருந்தாள். நான் இருந்தேன். மாஸ்டரின் சட்டைப் பையில் அளவெடுக்கிற மஞ்சள் டேப் இருந்தது. லீவு நாளிலும் அதை வீட்டில் வைத்துவிட்டு வரமாட்டார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. மாஸ்டரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் தோல் வெட்டினோம். தோலை விரித்ததும் ஒரு தரம் பார்ப்பார். கீறல், ஓட்டை எல்லாம் கழித்து இத்தனை சதுர அடி தேறும் என்பார். அளந்தால் அதுதான் இருக்கும். பிறகு அவர் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தும் சூப்பர்வைசருக்கு நம்பிக்கை வரவில்லை. திங்கள்கிழமையிலிருந்து பேக்கிங்குக்குப் போகச் சொல்லிவிட்டார். டப்பா மூடுகிற வேலை. மாஸ்டர் சரி என்றார். மறுநாள் நாங்கள் வேனில் வேலூருக்குச் சுற்றிப் பார்க்கப் போனோம்.

கோட்டைக்கு வெளியே பஸ் சத்தம், கடைச் சத்தம், ஆஸ்பத்திரிக் கூட்டம். அகழியைத் தாண்டி உள்ளே போனால், கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு பழைய மகால். வாட்ச்மேன் சின்னக் கதவைத் திறந்துவிட்டார். குனிந்து நுழைந்தோம். நிமிர்ந்தால் முற்றம். கல் பாவிய தரை, சுற்றிலும் வளைவுகள், மேலே வானம். எத்தனையோ தடவை வேலூர் வந்திருக்கிறேன். இப்படி ஒன்று உள்ளே இருப்பது தெரியாது. ராஜா வீட்டுப் பெண்கள் உட்காருகிற இடம் என்றார் வாட்ச்மேன். நடுவில் ஒரு காய்ந்த தண்ணீர்த் தொட்டி. ஸ்டிச்சிங் அக்கா அதன் விளிம்பில் ராணி மாதிரி உட்கார்ந்து சூப்பர்வைசரிடம் டீ கொண்டுவரச் சொன்னாள். மாஸ்டர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், இதையும் வெட்டிடலாம்னு பாக்கறீங்களா? எத்தினி அடி, சொல்லுங்க பாப்போம்" என்றாள் அக்கா.

"ஆயிரத்து நூத்தி எம்பது" என்றார் மாஸ்டர்.

சூப்பர்வைசர் சிரித்தார். "அளந்துடலாம் பாய். சரியா இருந்தா நீங்க எங்கயும் போவ வேணாம்."

டேப்பை நானும் அக்காவும் பிடித்தோம். நீளம் முப்பத்தாறு. அகலம் முப்பத்து நாலு. சூப்பர்வைசர் போனில் பெருக்கினார். ஆயிரத்து இருநூற்று இருபத்து நாலு. நாற்பத்து நாலு அடி பிசகு. அக்கா டேப்பைக் கீழே விட்டுவிட்டாள். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

மாஸ்டர் தொட்டியைக் காட்டினார். "ஓட்டையையும் சேத்துட்டீங்களே சார். ஓட்டைல ஷூ வருமா?"

தொட்டியை அளந்தோம். ஏழுக்கு ஆறு. நாற்பத்திரண்டு போயிற்று. மீதி ஆயிரத்து நூற்று எண்பத்திரண்டு. அக்கா போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடி வந்தார். இரண்டு அடி ஒரு பிசகா என்று சூப்பர்வைசர் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிரியாணியும் அவர்தான் வாங்கித் தந்தார். சாப்பிடும்போதும் மாஸ்டர் அந்த இரண்டு அடியை விடவில்லை. தன் கணக்கில் பிசகு இல்லை என்றே சொன்னார். ஜெயித்த பிறகும் சண்டையா என்று எல்லாரும் சிரித்தோம். அந்த இரண்டு அடி எந்த இடத்தில் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் எட்டு வருஷம் அதே மேஜையில் வெட்டினார். வேலையை விட்ட அன்று டேப்பை என் கையில் கொடுத்தார். இப்போது வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். கண் நன்றாகத் தெரிகிறது.

போன வாரம் சம்பந்தி வீட்டாரை வேலூர் கோட்டைக்குக் கூட்டிப் போனேன். அதே முற்றம். அதே தொட்டி. தரையில் ஒரு கல் மட்டும் இரண்டாகப் பிளந்து கிடந்தது. சம்பந்தி ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும் என்று டேப்பை எடுத்து அளந்தேன். இரண்டடிக்கு ஒரு அடி. அங்கிருந்தே மாஸ்டருக்குப் போன் போட்டேன். முற்றத்தில் ஒரு கல் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன்.

"நொழையறப்ப வலது கைப்பக்கம், மூலைக் கல்லுதானே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கே அதுல முடி மாதிரி ஒரு கோடு ஓடிச்சு. நான் கழிச்சிட்டேன். நீங்க சேத்துட்டீங்க. இப்ப எத்தினி வருது, சொல்லு."

ஆயிரத்து நூற்று எண்பது.