போதகரின் தொப்பி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் செய்தி வந்தது. ஹெஸ்டர் ட்ரெம்பாத் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். வேலிக்கு மேல் போதகர் ஓக்டனின் கறுப்புத் தொப்பி தெரிந்தது.

1916இல் ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊரில் சுரங்கக்காரர் வீட்டுப் பெண்களுக்கு அந்தத் தொப்பியைக் கண்டாலே நடுக்கம். போர்முனையில் பிள்ளை செத்தால் தந்தி போதகருக்குத்தான் வரும். அவர் வீடு தேடி வந்து சொல்வார். அக்டோபரில் அதே தொப்பி வேறொரு வேலைக்கும் கிளம்பியது. வாலிபர்களைக் கட்டாயமாகப் படைக்கு அனுப்பலாமா என்று நாடே ஓட்டுப் போடவிருந்தது. 'ஆம்' என்று போடச் சொல்லி அவர் வீடுவீடாக ஏறி இறங்கினார். "அவரு தொப்பியப் பாத்தாலே பால் திரிஞ்சிடுதுடி," என்றாள் எதிர்வீட்டு லவீனியா.

இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, அவர் வந்தபோது ஹெஸ்டர் அதைச் சாவுச் செய்தி என்றே நினைத்தாள். மூத்தவன் ஜேபஸ் பிரான்சில் இருந்தான். வந்தது ஓட்டுக் கேட்கத்தான் என்று தெரிந்ததும், போன உயிர் திரும்பிய நிம்மதியில், போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். 'ஆம்' வென்றால் இளையவன் டிகரியும் போக வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

அதனால் திங்களன்று அவள் நிமிரக்கூட இல்லை. "நாந்தான் போடுறேன்னு சொல்லிட்டேனே ஐயா. இன்னும் எத்தன தடவ வருவீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றினார்.

ஜேபஸ் இறந்ததைச் சொன்னார், ஜெபித்தார், தேநீர் குடித்தார். கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்றார். "ஜேபஸ் இருந்த எடம் காலியா கெடக்கும்மா. சொன்ன சொல்ல மறந்துடாதீங்க."

அவர் குடித்த கோப்பையை ஹெஸ்டர் கழுவவில்லை. குப்பையில் எறிந்தாள்.

சொல் தவறுவது அவர்கள் சபையில் பெரும்பாவம். அந்த வாரச் சனிக்கிழமை நடந்த ஓட்டெடுப்பில் 'இல்லை' என்று போட்டு அவள் அந்தப் பாவத்தைச் செய்தாள். செய்ததை ஊரறியச் சொல்லவும் செய்தாள். அவர்கள் மாநிலமான விக்டோரியாவில் 'ஆம்' முந்தியது. நாடு முழுக்க எண்ணியபோது 'இல்லை' வென்றது. டிகரி தப்பினான் என்று நினைத்தாள்.

சபை விடவில்லை. ஆராதனையில் அவர்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. கோழை என்று காட்டக் கொடுக்கும் வெள்ளை இறகை யாரோ டிகரியின் பாட்டுப் புத்தகத்தில் செருகினார்கள். பிறகு கோட்டுப் பையில். பிறகு சுரங்கத்துக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டு டப்பாவுக்குள்.

"யாரும் கட்டாயப்படுத்தலம்மா. நானாத்தான் போறேன்," என்றான் டிகரி. "தெனம் இவங்க மூஞ்சியில முழிக்கிறதுக்கு அது மேல்."

அடுத்த ஞாயிறு, மனமுவந்து தன்னைக் கொடுத்த வாலிபனுக்காகப் போதகர் கடவுளுக்கு நன்றி சொன்னார். ஹெஸ்டர் பாதியில் எழுந்து வந்தாள். சாகும்வரை அந்தச் சபையின் படி ஏறவில்லை. டிகரியின் சாவுச் செய்தியோடு வந்தவரை வேலிக்கு உள்ளே விடவுமில்லை.

படைக்குப் போகும் வாரத்தில் டிகரி கோழிக்கூட்டுக்குக் கதவு போட்டுக்கொண்டிருந்தான். இன்றும் அதில் மேல் கீல் மட்டுந்தான் அடித்திருக்கிறது.