தலைப்பிரசவத்துக்குப் போனவள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் எங்கள் இரண்டு வீட்டாருக்கும் மறுபேச்சே இல்லை. நான் வேலைக்கு வந்த நாட்டில், செங்காங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலேயே வளைகாப்பை முடித்து, ஏழாம் மாதம் மனைவியைத் திருச்சிக்கு விமானம் ஏற்ற ஏற்பாடு செய்தேன். எங்கள் பங்குக் கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு கம்பெனியில் வெளிநாட்டு ஊழியர்களும் அவர்கள் குடும்பமும் இங்கே தங்குவதற்கான அனுமதி, அதாவது பாஸ், விண்ணப்பங்களைப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை.

"இங்கேயே பெத்துக்கலாமே லா, தம்பி. அவங்க பாஸ் உங்க வேலை பாஸை நம்பித்தான் இருக்கு. உங்க வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்க திரும்பி வர முடியாது."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா. பிள்ளையோட வந்துடுவா," என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. என் பாஸ் ரத்தானது. அதோடு மனைவியுடையதும் போயிற்று. கொடுத்த அவகாசத்துக்குள் நாயாய் அலைந்து புக்கிட் பாத்தோக்கில் ஒரு வேலையைப் பிடித்தேன். புது பாஸும் வந்தது. ஆனால் சம்பளம் குறைவு. குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள இந்த ஊர் கேட்கும் சம்பளம் அது இல்லை. புது வேலையில் திருச்சிக்குப் போய்வர லீவும் கிடைக்கவில்லை. இதே ஊரில் இத்தனை வருடம் உழைத்தவன் நான். எனக்கு வந்த எரிச்சலில் யார்மேல் பாய்வது என்று தெரியவில்லை.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அக்காவிடம் போய் நின்றேன். அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆறியிருக்கும். அவர் கேட்கவில்லை.

"சம்பளம் ஏறினதும் அப்ளை பண்ணலாம், தம்பி. இப்போதைக்கு விசிட் விசாவுல கூப்பிடுங்க. கொஞ்ச நாளாவது பார்த்துக்கலாம்."

குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கவே மாதங்கள் ஓடின. கண்ணைத் திறந்தபடி ஒரு படம் எடுக்க நான்கு முறை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போனார்களாம். "உங்க குரல் கேட்டா போனைத்தான் தேடுறா," என்று மனைவி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

போன வாரம் தேக்காவில் ஒரு பயண முகவர் கடையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் உறவினரைப் பார்க்க என்று போட்டேன். வேறு எதுவும் பொருந்தவில்லை. கணினிக்குப் பின்னால் இருந்த பெண் தலை தூக்காமலேயே கேட்டாள்.

"பாப்பாக்கு ரிட்டர்ன் என்னைக்குண்ணே?"

"வந்தப்புறம் பார்த்துக்கலாமேம்மா."

"இல்லண்ணே, ரிட்டர்ன் டிக்கெட் காட்டணும். இப்பவே சொல்லுங்க."

சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து ஒரு தேதி சொன்னேன். என் மகளை நான் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.