ஆவூரிலிருந்து வந்த முப்பத்தொரு தலைகள்

கிளுவம்பட்டிச் சந்தனசாமி வண்டிக்காரன். ஒற்றை வண்டி, இரண்டு மாடு, ஒரு மனைவி, ஒரே மகள். ஊரில் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் அந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் வராமல் போனதற்கு அவன்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய காரியத்தை ஒரே ஆளாகச் செய்துவிட முடியுமா? ஊரே கூடித்தான் செய்தது.

சமஸ்தானக் காலம், முப்பத்தெட்டாம் வருஷம். கிளுவம்பட்டிக்கும் வேலங்குளத்துக்கும் நடுவில் ஒரு காட்டாறு. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் தருவதாகப் புதுக்கோட்டையிலிருந்து உத்தரவு வந்தது. எந்தக் கரையில் வைப்பது என்று இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்து எழுதுவார்; அந்தந்த ஊரார் தங்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வைக்க வேண்டும்.

அதுவரை படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத ஊர், ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் இல்லாமல் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. கூட்டத்தில் அதிகமாகக் கத்தியவன் பிச்சை. அவனுக்குப் பிள்ளையே கிடையாது. கட்டடத்துக்கு யார் இடம் தருவது என்ற பேச்சு வந்ததும் எல்லோர் வாயிலும் வெற்றிலை நிறைந்துவிட்டது. கடலைக் கொல்லைப் பக்கம் வந்தால் பிள்ளைகள் கடலையைப் பிடுங்கும், கிணற்றுப் பக்கம் வந்தால் விழுந்து தொலையும். கடைசியில் சந்தனசாமிதான், மாடு கட்டும் இடத்தைத் தருகிறேன் என்றான்.

மகள் ஞானசெல்விக்கு எட்டு வயது. வெல்லம் கட்டி வரும் காகிதத்தைப் பிரித்து, தலைகீழாக வைத்துக்கொண்டு உதட்டை அசைப்பாள். பெண்பிள்ளையை ஆறு தாண்டி அனுப்பும் வழக்கம் ஊரில் இல்லை. பள்ளிக்கூடம் இந்தக் கரையில் வந்தால்தான் அவளுக்கு எழுத்து.

தலை அதிகமுள்ள கரைக்குத்தான் பள்ளிக்கூடம் என்று நினைத்து எண்ணிப் பார்த்தார்கள். கிளுவம்பட்டியில் பத்தொன்பது பிள்ளைகள். வேலங்குளத்தில் இருபத்தாறு.

"இது நம்ம ஊரு ஆம்பளைகளுக்கு அவமானமில்லையா?" என்றான் பிச்சை.

"நீ பேசாத. ஒன் பங்குக்கு ஒரு தலைகூட இல்ல" என்றார் ஒருவர்.

சந்தனசாமிக்கு அப்போதுதான் யோசனை வந்தது. ஆவூரில் மச்சினன் இருக்கிறான். தெரு நிறையச் சொந்தம். வீட்டுக்கு நாலு பிள்ளை. ஒரு நாளைக்கு வாங்கி வந்தால் என்ன?

மனைவி ஆரோக்கியம்மாள் பிறந்த ஊர் ஆவூர். அவள் மட்டும் சொன்னாள். "அதெல்லாம் மாதா கோயில் பள்ளிக்கூடத்துல படிக்கிற புள்ளைகங்க."

"படிச்சா என்னடி? தலையைத்தான எண்ணப் போறாரு. தலைக்குள்ள இருக்கிறதையா எண்ணப் போறாரு?"

பணியாரம் தருவதாகச் சொல்லி, இரவல் வண்டி ஒன்றையும் சேர்த்துப் பூட்டி, முப்பத்தொரு பிள்ளைகளை ஏற்றி வந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து, பளிச்சென்று இருந்தார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு அதுவே பெருமையாகிவிட்டது. வந்த பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தி, சொந்தப் பிள்ளைகளைப் பின்னால் தள்ளினார்கள்.

இன்ஸ்பெக்டர் வேலங்குளத்தைப் பார்த்துவிட்டு இங்கிட்டு வந்தார். எண்ணினார். ஐம்பது. பிச்சை மீசையைத் தடவினான். பிறகு அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பிள்ளையிடம் நீட்டினார். அது கடகடவென்று வாசித்தது. இரண்டாவது பிள்ளையும் வாசித்தது. மூன்றாவது, யாரும் கேட்காமலே பதினாறாம் வாய்பாடு சொன்னது. பன்னிரண்டு பிள்ளைகளோடு அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

"இங்கே யார் சொல்லித் தர்றாங்க?"

"எங்க ஊருப் புள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேணாமுங்க. பொறக்கும்போதே அப்படித்தானுங்க" என்றான் பிச்சை.

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதியபடியே சொன்னார்: "ரொம்ப சந்தோஷம். வேலங்குளத்துல ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு எழுத்து தெரியலை. பள்ளிக்கூடம் அங்கேதான் வேணும்."

இரவல் பிள்ளைகள் என்று சொன்னால் சர்க்காரை ஏமாற்றிய குற்றம். சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போச்சு. சந்தனசாமி பின்வரிசைக்கு ஓடி, மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"அய்யா, இவளைக் கேளுங்க. இவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

இன்ஸ்பெக்டர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "ஊருன்னா ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கத்தான் செய்யும். பரவாயில்லை" என்று வண்டி ஏறினார்.

வேலங்குளத்தில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். எதிரி ஊரில் போய் நம் பிள்ளை உட்காரக் கூடாது என்று கிளுவம்பட்டி கூடி முடிவு செய்தது. சந்தனசாமியும் கை தூக்கினான். ரோஷம் இருக்காதா?

அன்று சாயங்காலம் மகள் கேட்டாள். "அப்பா, ஆவூருப் புள்ளைக மறுபடி எப்ப வரும்?"

"எதுக்கு?"

"ஒரு அக்கா மண்ணுல எழுதி 'ஈ' வரைக்கும் காட்டுச்சு. அடுத்தது என்னன்னு கேக்கணும்."

மறுநாள் காலையில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினான்.

பள்ளிக்கூட வாசலில் வேலங்குளத்து ஊர்த் தலைவர், அம்பலம் ஆண்டியப்பன் நின்றிருந்தார். "வாய்யா சந்தனசாமி. ஒங்க ஊர்ல எல்லாரும் படிச்சு முடிச்சிட்டதா கேள்விப்பட்டேனே?"

"முடிச்சாச்சுங்க அம்பலம். இது ஒண்ணுதான் விட்டுப்போச்சு."

"இன்னும் எத்தனை விட்டுப்போயிருக்கு?"

"அதை நீங்களே எண்ணிக்கங்க. நான் அந்தச் சோலியையே விட்டுட்டேன்."

ஆண்டியப்பன் சிரித்துவிட்டார். நகர்ந்து வழிவிட்டார்.

ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவனை விசாரிக்க வேண்டும் என்று பிச்சை இரண்டு வாரம் நடையாய் நடந்து, ஒரு திங்கட்கிழமை காலையில் கூட்டம் போட்டான். சந்தனசாமி ஈர வேட்டியோடு வந்து நின்றான். புளியமரத்தடியில் பிச்சை மட்டும் உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறியது. ஒருவரையும் காணோம்.

"எங்கடா போனாங்க எல்லாரும்?" என்றான் பிச்சை.

"ஆத்துலதான் நிக்கிறாங்க. தண்ணி இடுப்பளவு வந்துருச்சு. அவங்கவங்க புள்ளைகளைக் கைமாத்திக் கைமாத்தி அங்கிட்டு விடுறாங்க. ஆளு பத்தலை, நீயும் வா."

பிச்சை எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான்.

"நம்ம புள்ளைக எத்தனை போகுது?" என்றான். "வேலங்குளத்தானை விடக் கூடத்தான?"