ஹர்லிங் ஆட்டத்தில் நான் ஆட்டிய கொடி

அமெரிக்காவில் ஹெச்-1 வேலை விசாவில் என் ஐந்தாவது வருடம் முடிய ஆறு வாரம்தான் இருந்தது. அதற்குள் கம்பெனி எனக்காக, கிரீன் கார்டுக்கு முதல் படியான லேபர் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால், கார்டு வரும்வரை டெக்சாஸில் பிளானோவிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த வருடம் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தப் பேப்பர் மூன்று வாரமாக என் மேனேஜரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. 2003-இல் எங்கள் ஆபீஸில் வாரம் ஒரு க்யூபிக்கிள் காலியாகிக்கொண்டிருந்தது. நேரே போய்க் கேட்க எனக்குப் பயம். கேட்கப்போய், "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

மேனேஜர் அயர்லாந்துக்காரர். சனிக்கிழமைகளில் ஹர்லிங் ஆடுவார். "நாளைக்கு ஆட்டத்துக்கு ஆள் போதவில்லை, யாராவது வருகிறீர்களா?" என்று மீட்டிங் முடிவில் கேட்டார். எல்லாரும் லேப்டாப்பைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"காரியம் ஆகணும்னா கழுதைக் காலையும் பிடிக்கணும்னு கிளம்பிட்டீங்க!" என்று என் மனைவி சிரித்தாள். "அதுக்கு அவர்கிட்ட ஸ்ட்ரெயிட்டா கேட்டுடலாம்ல?"

"உனக்குத் தெரியாது, சும்மா இரு," என்றேன். அவளும் கூடவே வந்தாள்.

ஹர்லிங் என்பது ஹாக்கிக்குக் கோபம் வந்த மாதிரி ஓர் ஆட்டம். முனை அகன்ற மரமட்டையால் பந்தைத் தரையிலும் அடிக்கலாம், தலைக்கு மேலேயும் அடிக்கலாம். மட்டை நுனியில் பந்தை வைத்துக்கொண்டு ஓடவும் செய்யலாம். இரண்டு உயரமான கம்பங்களுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கம்பி. பந்து கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் மூன்று புள்ளி, மேலே போனால் ஒன்று. அயர்லாந்தில் பெரிய மைதானங்களில் ஆடுகிறவர்கள்கூட ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குவதில்லை, திங்கட்கிழமை அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள் என்றார் மேனேஜர். ஆதாயம் இல்லாமல் யாராவது இப்படி அடி வாங்குவார்களா என்று எனக்குச் சந்தேகம்.

என் கையில் மட்டை தரவில்லை, நல்லவேளை. ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு, கம்பத்தருகே நிறுத்தினார்கள். மூன்று புள்ளிக்குப் பச்சைக் கொடி, ஒரு புள்ளிக்கு வெள்ளைக் கொடி, வெளியே போனால் இரண்டு கைகளையும் விரிக்க வேண்டும். எனக்கு ஆட்டத்தில் மனமே இல்லை. இடைவேளையில் கேட்கலாமா, முடிந்தபின் கேட்கலாமா என்று கால் மாற்றி மாற்றி நின்றேன். இடைவேளையும் போயிற்று.

கடைசி நிமிடங்கள். மேனேஜரின் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. அவர் ஓடிக்கொண்டே அடித்தார். பந்து கம்பத்துக்கு ஓரடி வெளியே போனதை நான் நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு வெள்ளைக் கொடியை ஆட்டினேன்.

அவர் அணி ஆரவாரம் செய்தது. அவர் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உள்ளேயா போனது?"

நான் கொடியைச் சுருட்டத் தொடங்கினேன். அவர் நடுவரிடம் போய், அது வெளியே போன பந்து என்று சொல்லி, புள்ளியை எடுக்கச் செய்தார். ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கோட்டைக் கழற்றியபடி அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். வாய் தவறி, "என் பேப்பர்..." என்றும் சொல்லிவிட்டேன். எதற்காகக் கொடி ஆட்டினேன் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நேற்றுக் காலையே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்," என்றார். "லாயர் உன் வேலையின் பொறுப்புகளைக் குறைத்து எழுதியிருந்தார். இரண்டு முறை திருப்பி அனுப்பித் திருத்த வைத்தேன். அதில்தான் தாமதம்."

காரில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கையைத் தட்டினாள்.

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

டோல்வே வந்துவிட்டது, சுங்கத்துக்குச் சில்லறை தேடினேன். என் வேலைத் திறமைக்காகவே ஒருவர் என்னை இங்கே இருக்கச் சொல்லலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. திங்கட்கிழமை அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றே தெரியவில்லை.